திரை கறுத்தால் எங்கே தேடுவது: கேஎம்எஸ், எஃப்பிடெவ், சிப் நிறுவனங்களின் தனி டிரைவர்கள் – அறிகுறிவாரியாகப் பிழை நீக்கம்

லினக்ஸ் கர்னல் ஓடும் போனிலோ போர்டிலோ திரையில் கோளாறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்த நேரத்தில் திரையை ஆள்வது எது? கர்னலின் பொதுத் திரைக் கட்டமைப்பான டிஆர்எம்/கேஎம்எஸ்ஸா, அதற்கு முந்தைய எளிய முறையான எஃப்பிடெவ்வா, சிப் நிறுவனம் தன் கர்னலில் தானே எழுதிச் சேர்த்த தனிக் கட்டமைப்பா? கறுப்புத் திரை என்ற ஒரே அறிகுறிக்கு மூன்றிலும் காரணம் வேறு, மருந்தும் வேறு. தனி டிரைவர் உள்ள கர்னலில், கேஎம்எஸ்ஸைச் சோதிக்கும் மோட்டெஸ்ட் கருவி ஏன் ஓடவில்லை என்று மணிக்கணக்கில் போராடுவதும், கேஎம்எஸ் ஆளும் இடத்தில் எஃப்பிடெவ்வின் எஃப்பி0 கோப்பில் எழுதிப் பார்த்துக் குழம்புவதும் இந்தக் கேள்வியைக் கேட்காததால் வருபவை.

## முதலில்: ஆள்வது யார்?

/ப்ராக்/எஃப்பி கோப்பைப் படியுங்கள். அதில் வரும் பெயர் "டிஆர்எம்எஃப்பி" என்று முடிந்தால் (எம்எஸ்எம்டிஆர்எம்எஃப்பி, ஐ915டிஆர்எம்எஃப்பி போல) அடியில் கேஎம்எஸ் இருக்கிறது. எஃப்பி0 என்று தெரிவது பழைய நிரல்களுக்காக அதன்மேல் வைத்த முகப்பு மட்டுமே. "சிம்பிள்" என்று மட்டும் இருந்தால், கர்னலுக்கு முன் ஓடும் பூட்லோடர் ஏற்றிவைத்த திரையை சிம்பிள்எஃப்பி அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது. பேனலை, அதாவது திரைத் தொகுதியை, அணைக்கவும் எழுப்பவும் கர்னலுக்கு வழி தெரியாது. "எம்டிஎஸ்எஸ்எஃப்பி" என்று தொடங்கினால் குவால்காமின் பழைய தனிக் கட்டமைப்பு, "எம்டிகேஎஃப்பி" என்றால் மீடியாடெக்குடையது.

அடுத்து /சிஸ்/கிளாஸ்/டிஆர்எம் கோப்பகம். அங்கே "கார்டு0-டிஎஸ்ஐ-1" போன்ற பெயரில் ஒரு கனெக்டர் (திரை இணையும் முனை) இருந்தால் அதனுள் ஸ்டேட்டஸ், எனேபிள்டு, மோட்ஸ் என்ற மூன்று கோப்புகளையும் பாருங்கள். இணைப்பு உண்டு, மோட் உண்டு, எனேபிள்டு மட்டும் இல்லை என்றால் குறை கர்னலில் இல்லை. மேலே உள்ள கம்போசிட்டர் (சாளரங்களைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் நிரல்) இன்னும் திரையைக் கேட்கவே இல்லை.

ஆன்ட்ராய்டு போன்களில் நான்காவதாக ஒரு வகையும் உண்டு, அதிகம் ஏமாற்றுவது அதுதான். வெளியில் பார்த்தால் டிஆர்எம். கார்டு0 இருக்கிறது, கனெக்டர் இருக்கிறது. ஆனால் உள்ளே நிறுவனம் தன் சொந்தப் பண்புகளை ஏராளமாகச் சேர்த்திருக்கும், அவற்றை அந்த நிறுவனத்தின் ஹார்ட்வேர் கம்போசருக்கு (ஆன்ட்ராய்டில் அடுக்குகளைத் திரைக்கு அனுப்பும் பகுதி) மட்டுமே பயன்படுத்தத் தெரியும். குவால்காமின் எஸ்டிஇ டிரைவர் இந்த வகை. மோட்டெஸ்ட் கருவியை "பி" தெரிவுடன் ஓட்டிப் பிளேன்களின் (வன்பொருள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் பட அடுக்குகளின்) பண்புப் பட்டியலைப் பாருங்கள். கர்னல் ஆவணத்தில் இல்லாத பெயர்கள் வரிசையாக வந்தால், பொதுவான கம்போசிட்டர் அங்கே அரைகுறையாகத்தான் ஓடும் என்று எதிர்பார்க்கலாம்.

தேடத் தொடங்கும் முன் பதிவுகளைத் திறந்துவிடுங்கள். கர்னல் கட்டளை வரியில் "டிஆர்எம்.டிபக்=30" சேருங்கள். இந்த 30 என்பது டிரைவர் (2), கேஎம்எஸ் (4), பிரைம் (8), அட்டாமிக் (16) ஆகிய நான்கின் கூட்டல். கூடவே "லாக்_பஃப்_லென்=16எம்" சேர்க்காவிட்டால் தொடக்கப் பதிவுகள் அடித்துச் செல்லப்படும்; நமக்கு வேண்டியவை பெரும்பாலும் அந்தத் தொடக்க வரிகள்தான். திரை இல்லாத சாதனத்தில் இதையெல்லாம் படிக்க சீரியல் கேபிளோ, யுஎஸ்பி வழி எஸ்எஸ்ஹெச்சோ முன்பே தயாராக இருக்கட்டும்.

## லோகோ தெரிந்தது, பிறகு கறுத்தது

எத்தனை நொடியில் கறுத்தது என்பதே இங்கே பெரிய துப்பு.

கர்னல் தொடங்கிய ஓரிரு நொடிகளில், "பயன்படாத கிளாக்குகளை அணைக்கிறேன்" என்ற பொருளில் ஒரு பதிவு வரும் நேரத்தில் போனால், பூட்லோடர் ஓடவிட்டிருந்த டிஸ்ப்ளே கிளாக்கைத் தன்னுடையது என்று யாரும் கோரவில்லை, அதனால் கர்னல் அணைத்துவிட்டது. கட்டளை வரியில் "சிஎல்கே_இக்னோர்_அன்யூஸ்டு" சேர்த்துப் பாருங்கள். திரை கறுக்காமல் நிலைத்தால் காரணம் உறுதி. பவர் டொமைனுக்கு "பிடி_இக்னோர்_அன்யூஸ்டு" உண்டு. இவை சோதிக்க மட்டும். நிரந்தரத் தீர்வு, டிவைஸ் ட்ரீயில் (வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பில்) சிம்பிள்-ஃபிரேம்பஃபர் கணுவுக்குள் அந்தக் கிளாக்குகளையும் பவர் டொமைன்களையும் எழுதுவது. சிம்பிள்எஃப்பி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சுமார் 30 நொடி கழித்துக் கறுத்தால் ரெகுலேட்டரை, அதாவது மின்னழுத்தம் தரும் சுற்றை, சந்தேகியுங்கள். யாரும் கோராத ரெகுலேட்டர்களைக் கர்னல் தொடக்கம் முடிந்து 30 நொடி பொறுத்துத்தான் அணைக்கும். பதிவில் அந்த ரெகுலேட்டரின் பெயருடன் "டிசேபிளிங்" என்ற வரி இருக்கும்.

உண்மையான கேஎம்எஸ் டிரைவர் ஏறும் கணத்தில் கறுத்தால் கதை வேறு. அது ஏறும்போது சிம்பிள்டிஆர்எம், சிம்பிள்எஃப்பி போன்ற தற்காலிக டிரைவரை வெளியேற்றும். வெளியேற்றிய பிறகு அதுவே தடுக்கி விழுந்தால் திரைக்கு ஆளே இல்லை. அடுத்த இரண்டு பகுதிகளும் இதற்குத்தான். இணையத்தில் கிடைக்கும் "நோமோட்செட்" என்ற அறிவுரை இங்கே குறையை மறைக்கும், நீக்காது. அது கேஎம்எஸ்ஸையே தடுத்துப் பழைய தற்காலிகத் திரைக்குத் திருப்பிவிடுகிறது, அவ்வளவே.

லோகோ போன இடத்தில் புள்ளி புள்ளியாகக் குப்பை தெரிந்தால், பூட்லோடரின் ஃபிரேம்பஃபர், அதாவது திரைப் படம், இருந்த நினைவகத்தைக் கர்னல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டது என்று பொருள். அந்த முகவரிப் பரப்பை டிவைஸ் ட்ரீயில் ரிசர்வ்டு-மெமரி பகுதியில் ஒதுக்குங்கள்.

## கார்டே உருவாகவில்லை

/டெவ்/டிஆர்ஐ காலியாக இருக்கிறது, பதிவிலும் பிழை ஒன்றும் இல்லை. மொபைல் சிப்களில் இது மிகச் சாதாரணம். டிஸ்ப்ளே கன்ட்ரோலர், டிஎஸ்ஐ ஹோஸ்ட் (பேனலுக்குப் படம் அனுப்பும் இணைப்பின் சிப் பக்கம்), அதன் பிஹெச்ஒய் (கம்பிகளை இயக்கும் சுற்று), பேனல், பேக்லைட், ரெகுலேட்டர் எல்லாம் தனித்தனி டிரைவர்கள். ஒன்று குறைந்தாலும் மற்றவை −517 என்ற குறியீட்டுடன், அதாவது "பிறகு முயல்கிறேன்" என்று, காத்துக்கொண்டே இருக்கும். அது பிழையாகக் கணக்கில் வராததால் பதிவில் சத்தமே இருக்காது.

டிபக்எஃப்எஸ்ஸை மவுண்ட் செய்து /சிஸ்/கர்னல்/டிபக்/டிவைசஸ்_டிஃபர்டு கோப்பைப் படியுங்கள். காத்திருப்பவை எல்லாம் அதில் வரும், பல நேரம் காரணத்தோடு. பக்கத்தில் உள்ள டிவைஸ்_காம்போனன்ட் கோப்பகம், கன்ட்ரோலர் எந்த உறுப்புக்காக நிற்கிறது என்று சொல்லும். வழக்கமான காரணங்கள்: பேனல் டிரைவர் கர்னல் கட்டமைப்பில் தேர்வாகவில்லை, மாட்யூலாகக் கட்டப்பட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் ஏறும் கோப்புத் தொகுப்பில்) சேரவில்லை, டிவைஸ் ட்ரீயில் கம்பேட்டிபிள் சொல்லில் ஒரு எழுத்துப் பிழை, போர்ட், எண்ட்பாயின்ட் இணைப்பு ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. கடைசிக் காரணத்தை மட்டும் இருமுறை சரிபாருங்கள். டிஎஸ்ஐ வெளியீட்டு எண்ட்பாயின்ட் பேனலைச் சுட்ட வேண்டும், பேனலின் எண்ட்பாயின்ட் டிஎஸ்ஐயைச் சுட்ட வேண்டும்.

நிறுவனத் தனி டிரைவரில் இந்தக் காத்திருப்புக்கு இடமே இருக்காது. பூட்லோடர் கட்டளை வரியில் அனுப்பும் பேனல் பெயரை அது எதிர்பார்க்கும். பெயர் வராவிட்டால் டம்மி பேனல் ஒன்றைத் தேர்ந்துகொண்டு எல்லாம் சரி என்று அறிவிக்கும். அங்கே பார்க்க வேண்டியது /ப்ராக்/சிஎம்டிலைன்.

## பேக்லைட் எரிகிறது, படம் இல்லை

தனிக் கட்டமைப்பிலிருந்து பேனலைக் கேஎம்எஸ்ஸுக்குக் கொண்டுவருபவர்களின் நேரத்தை அதிகம் தின்பது இந்த அறிகுறிதான். கன்ட்ரோலர் படத்தை அனுப்புகிறது, பேனல் எழவில்லை. சரிபார்க்கும் வரிசை முக்கியம்.

ரீசெட் கம்பி முதலில். குவால்காமின் பழைய டிவைஸ் ட்ரீயில் ரீசெட் வரிசை 1, 0, 1 என்று கம்பியின் நேரடி மின்நிலையாக எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றின் பக்கத்திலும் மில்லிநொடி. மெயின்லைன் (லினக்ஸின் பொதுக் கர்னல்) டிரைவரில் ஜிபிஐஓ (கட்டுப்பாட்டுக் கம்பி) மதிப்பு தர்க்க நிலை. டிவைஸ் ட்ரீயில் "ஆக்டிவ் லோ" என்று குறித்திருந்தால் 1 என்பது ரீசெட்டில் அமுக்கிப் பிடிப்பதைக் குறிக்கும். பழைய எண்களை அப்படியே ஒட்டினால் பேனல் நிரந்தரமாக ரீசெட்டில் கிடக்கும். பேக்லைட் மட்டும் அழகாக எரியும்.

அடுத்து மின் வரிசை. பெரும்பாலான எல்சிடி பேனல்களில் 1.8 வோல்ட் ஐஓ மின்சாரம் முதலில், பிறகு நேர் பயாஸ் மின்னழுத்தம், அதன் பிறகு எதிர் பயாஸ் மின்னழுத்தம், கடைசியில் ரீசெட். சில பேனல்கள் ரீசெட்டுக்கு முன்பே டிஎஸ்ஐ கம்பிகள் எல்பி-11 என்னும் ஓய்வு நிலையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். அதற்காகத்தான் டிஆர்எம் பேனலில் "பிரிப்பேர்_ப்ரெவ்_ஃபர்ஸ்ட்" என்ற கொடி இருக்கிறது. அதை 1 ஆக்கினால் ஹோஸ்ட் முதலில் எழும், பேனல் பிறகு எழும்.

மூன்றாவது தொடக்கக் கட்டளைகள். பழைய டிவைஸ் ட்ரீயில் அவை பதினறும எண்களின் நீண்ட வரிசையாக இருக்கும். ஒரு கட்டளையைப் பிரித்துப் பார்ப்போம்:

05 01 00 00 78 00 02 11 00

முதல் ஏழு பைட்டும் தலைப்பு. 05 என்பது அளவுரு இல்லாத குறுங்கட்டளை. 15 என்றால் ஓர் அளவுரு, 39 என்றால் நீள் கட்டளை. அடுத்த 01, இத்துடன் இந்தத் தொகுப்பை அனுப்பிவிடு என்பது. பிறகு விர்ச்சுவல் சேனல், ஒப்புகை. ஐந்தாவதாக உள்ள 78 காத்திருப்பு, பதின்மத்தில் 120 மில்லிநொடி. அதன் பின் இரண்டு பைட்டில் நீளம். எஞ்சிய 11 தான் உண்மையான டிசிஎஸ் (பேனல்களுக்கான பொதுக் கட்டளைத் தொகுப்பு) கட்டளை: உறக்கம் நீங்கு. மெயின்லைனுக்கு மாற்றும்போது பலர் கட்டளையை எடுத்துக்கொண்டு ஐந்தாவது பைட்டை விட்டுவிடுகிறார்கள். 11-க்குப் பின் அந்த 120 மில்லிநொடி கிடைக்காமல் 29, அதாவது திரையை இயக்கும் கட்டளை, போய்ச் சேர்ந்தால் பேனல் அதைக் கண்டுகொள்ளாது. சில தடவை எழும், சில தடவை எழாது என்ற தொல்லைக்கும் இதுவே வேர். கையால் மாற்றுவதைவிட, பழைய டிடிபி கோப்பை (டிவைஸ் ட்ரீயின் இரும வடிவம்) கொடுத்தால் பேனல் டிரைவரையே எழுதித் தரும் "லினக்ஸ்-எம்டிஎஸ்எஸ்-டிஎஸ்ஐ-பேனல்-டிரைவர்-ஜெனரேட்டர்" என்ற திறமூலக் கருவியைப் பயன்படுத்துங்கள். பிறகு மேற்சொன்ன மூன்றையும் கண்ணால் சரிபாருங்கள்.

நான்காவது நேரக் கணக்கு. பழைய முறை ஃபிரன்ட் போர்ச், பல்ஸ் அகலம், பேக் போர்ச் என்று, படத்தைச் சுற்றியுள்ள வெற்று நேரங்களைத் துண்டுகளாகச் சொல்லும். கேஎம்எஸ் மோட் கூட்டிய எண்களாகக் கேட்கும். 1080 அகலம், முன் 60, பல்ஸ் 20, பின் 40 என்றால் எண்கள் 1080, 1140, 1160, 1200. முன்னையும் பின்னையும் மாற்றிப் போட்டால் படம் பக்கவாட்டில் நகரும் அல்லது வரவே வராது. செங்குத்தில் மொத்தம் 2200 வரி, 60 ஹெர்ட்ஸ் என்றால் பிக்சல் கிளாக் 1200 × 2200 × 60, அதாவது 158400 கிலோஹெர்ட்ஸ். பிக்சலுக்கு 24 பிட், 4 லேன் (தரவுக் கம்பி இணை) என்றால் லேனுக்கு வினாடிக்கு 950.4 மெகாபிட், கிளாக் கம்பியில் அதில் பாதி, 475.2 மெகாஹெர்ட்ஸ். உங்கள் கணக்கும் பழைய கர்னல் கிளாக் பட்டியலில் காட்டும் எண்ணும் பெரிதாக விலகினால், லேன் எண்ணிக்கையோ பிக்சல் வடிவமோ தவறு.

இத்தனையும் சரி, இன்னும் கறுப்பு என்றால் பேனலையே கேளுங்கள். டிரைவரின் எனேபிள் முடிவில் டிசிஎஸ் பவர் மோட் படிக்கும் அழைப்பை வைத்து, திரும்பும் பைட்டில் 2-ஆம் பிட்டும் 4-ஆம் பிட்டும் 1 ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். 4 மட்டும் 1 என்றால் உறக்கம் நீங்கியது, திரை இயங்கவில்லை. பதிலே வரவில்லை என்றால் சந்தேகம் மறுபடியும் மின்சாரத்துக்கும் ரீசெட்டுக்கும் திரும்புகிறது.

## படம் ஒன்று வந்து உறைந்து நிற்கிறது

கமாண்ட் மோட் பேனல்களுக்குச் சொந்தமாக நினைவகம் உண்டு. யாராவது புதிய படத்தை அனுப்பினால்தான் மாறும். எஃப்பி0-இல் பைட்டுகளை எழுதிவிட்டால் திரை மாறிவிடும் என்று நம்பும் நிரல் அங்கே தோற்கும்.

குவால்காமின் பழைய எம்டிஎஸ்எஸ்ஸில் ஒவ்வொரு முறையும் பான் டிஸ்ப்ளே அழைப்பு போக வேண்டும். சோதிக்க, /சிஸ்/கிளாஸ்/கிராஃபிக்ஸ்/எஃப்பி0 கீழுள்ள மோட்ஸ் கோப்பின் உள்ளடக்கத்தை மோட் கோப்பில் எழுதுங்கள். திரை ஒரு முறை புதுப்பிக்கப்பட்டால் நோய் இதுதான். போன்களுக்கான லினக்ஸ் வெளியீடான போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ்ஸில் இதற்கென்றே "எம்எஸ்எம்-எஃப்பி-ரிஃப்ரெஷர்" என்ற சிறு நிரல் உண்டு. தொடர்ந்து திரையைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். மின்கலம் சீக்கிரம் கரையும், ஆனால் வேலை நடக்கும்.

கேஎம்எஸ்ஸில் பக்கம் புரட்டும் கம்போசிட்டருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஒரே பஃபரில் எழுதிக்கொண்டே இருக்கும் நிரல் மட்டும் டர்ட்டிஎஃப்பி அழைப்பை அனுப்ப வேண்டும். மாறாக, பேனல் தன் புதுப்பிப்பு நேரத்தைச் சொல்லும் டிஇ (டேரிங் எஃபெக்ட்) கம்பி டிவைஸ் ட்ரீயில் தவறாக இருந்தாலோ, பேனலுக்குப் பதினறும 35 கட்டளை போகாவிட்டாலோ, முதல் படம் வந்த பிறகு விபிளாங்க் (இரு படங்களுக்கு இடைப்பட்ட நேரம்) காத்திருப்பு காலாவதியாகும் பதிவுகள் வரிசையாக விழும்.

## சிவப்பும் நீலமும் மாறின, படம் சாய்ந்தது, கட்டம் கட்டமாகச் சிதறியது

மூன்றும் பஃபரைப் பற்றிய தவறான புரிதல். கண்ணால் பார்த்தே பிரித்துவிடலாம்.

சிவப்பு-நீலம் மாறினால்: ஆன்ட்ராய்டின் ஆர்ஜிபிஏ8888 நினைவகத்தில் சிவப்பை முதல் பைட்டாக வைக்கிறது. டிஆர்எம் அதே அமைப்பை ஏபிஜிஆர்8888 என்று அழைக்கிறது, ஏனெனில் அது சிறுமுனை (லிட்டில்-எண்டியன்) வரிசைச் சொல்லின் மேல்பிட்டிலிருந்து பெயர் படிக்கிறது. டெஸ்க்டாப் வழக்கமான எக்ஸ்ஆர்ஜிபி8888-இல் நீலம் முதல் பைட். பெயர் ஒத்துப்போகிறதே என்று நேராகப் பொருத்தினால் மாறிவிடும். மோட்டெஸ்ட்டின் வண்ணப் பட்டையிலும் நிறம் மாறியே இருந்தால் குறை பஃபரில் இல்லை, பேனலில். பதினறும 36 கட்டளையின் 3-ஆம் பிட்டைப் பாருங்கள். எஃப்பிடெவ்வில் எஃப்பிசெட் கருவி காட்டும் நிற இடப்பெயர்ச்சி எண்களே போதும்.

படம் சாய்ந்தால் அது ஸ்ட்ரைட், அதாவது நினைவகத்தில் ஒரு வரி பிடிக்கும் பைட் எண்ணிக்கை, பற்றிய குழப்பம். 1080 பிக்சல் × 4 = 4320 பைட். வன்பொருள் 64 பைட் எல்லை கேட்டால் ஒரு வரி 4352 பைட் ஆகும். ஒருவர் 4320 என்றும் மற்றவர் 4352 என்றும் நம்பினால் வரிக்கு 8 பிக்சல் நகர்ந்து படம் சாயும். 720 அகலத்தில் 2880 பைட், அது 64-ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் 720 பேனலில் ஒளிந்திருந்த இந்தப் பிழை 1080 பேனலுக்கு மாறியதும் வெளிவரும். அகலத்தை 4-ஆல் பெருக்கி ஸ்ட்ரைட் கண்டுபிடிக்கும் நிரல் எதுவானாலும் திருத்துங்கள். பஃபரை ஒதுக்கியவர் சொல்லும் எண்ணை மட்டுமே நம்புங்கள்.

கட்டம் கட்டமாகச் சிதறினால், ஜிபியு டைல் முறையிலோ ஏஎஃப்பிசி, யுபிடபிள்யூசி போன்ற சுருக்க முறையிலோ எழுதியதை டிஸ்ப்ளே நேர்வரிசை என்று படிக்கிறது. கேஎம்எஸ்ஸில் இந்தத் தகவல் மாடிஃபையர் என்ற எண்ணாகப் பஃபரோடு பயணிக்கிறது. பிளேனின் இன்_ஃபார்மேட்ஸ் பண்பில் அந்தப் பிளேன் ஏற்கும் சேர்க்கைகள் இருக்கும். "டபிள்யூஎல்ஆர்_டிஆர்எம்_நோ_மாடிஃபையர்ஸ்=1" என்று சூழல் மாறியை வைத்து டபிள்யூஎல்ரூட்ஸ் நூலகத்தின்மேல் எழுதிய கம்போசிட்டரைத் தொடங்கினால் படம் சரியாகிறதா? அப்படியென்றால் மாடிஃபையர் எங்கோ வழியில் தொலைகிறது. தனிக் கட்டமைப்புகளில் இதே தகவல் கிராலாக் (ஆன்ட்ராய்டின் பஃபர் ஒதுக்கும் பகுதி) கைப்பிடிக்குள் நிறுவனத்துக்கு மட்டும் புரியும் கொடியாக ஒளிந்திருக்கும். வேறு கம்போசிட்டர் அதைப் படிக்க வழியே இல்லை.

## அட்டாமிக் கமிட் மறுக்கப்படுகிறது

திரை மாற்றங்கள் அனைத்தையும் ஒரே அழைப்பில் கேட்பதுதான் அட்டாமிக் கமிட். கேஎம்எஸ்ஸின் பெரிய வரம் இது: தவறை எண்ணாகச் சொல்லும்.

−13 வந்தால் நீங்கள் டிஆர்எம் மாஸ்டர் இல்லை. வேறொரு கம்போசிட்டர் திரையைப் பிடித்திருக்கிறது. /சிஸ்/கர்னல்/டிபக்/டிஆர்ஐ/0/கிளையன்ட்ஸ் கோப்பில் யார் என்று தெரியும். −16 வந்தால் முந்தைய கமிட் முடியும் முன்பே அடுத்ததை அனுப்புகிறீர்கள். புரட்டல் நிகழ்வுக்குக் காத்திருங்கள். −2 என்றால் இல்லாத பொருள் எண்ணையோ பண்பு எண்ணையோ கொடுத்திருக்கிறீர்கள். −28 என்றால் மூலச் செவ்வகம் பஃபரைத் தாண்டுகிறது. −34 பெரும்பாலும் அளவு மாற்ற வரம்பு. இதில் எல்லோரும் ஒரு முறையாவது தடுக்கும் இடம்: மூல ஆயங்கள் 16.16 நிலைப்புள்ளி எண்கள், திரை ஆயங்கள் வெறும் முழு எண்கள். 1080 அகலத்தை மூலத்தில் 70778880 என்று கொடுக்க வேண்டும். 1080 என்றே கொடுத்தால், ஒரு பிக்சலின் சிறு துணுக்கை முழுத் திரைக்கும் விரி என்று கேட்டதாகிவிடும்.

−22 மட்டும் பொதுவான மறுப்பு. டிபக் எண் 30 இருந்தால் எந்தச் சோதனையில் விழுந்தது என்று பதிவில் ஒரு வரி இருக்கும். மோட் மாற்றம் தேவைப்படும் கமிட்டில் "அலவ் மோட்செட்" கொடி இல்லாதது அடிக்கடி வரும் காரணம். எந்தச் சேர்க்கையை வன்பொருள் ஏற்கும் என்று ஊகிக்காமல் "டெஸ்ட் ஒன்லி" கொடியோடு முதலில் கேளுங்கள். மறுத்தால் பிளேன்களைக் குறைத்து ஜிபியுவில் சேர்த்து வரையுங்கள். பிளேன் பட்டியலில் முதன்மைப் பிளேனே காணவில்லை என்றால், யுனிவர்சல் பிளேன்ஸ் திறனை நிரல் கேட்கவில்லை.

ஆன்ட்ராய்டில் இதற்கு ஈடானது டம்ப்சிஸ் சர்ஃபேஸ்ஃபிளிங்கர் வெளியீடு. அடுக்குகள் எல்லாம் கிளையன்ட் என்று காட்டினால் ஹார்ட்வேர் கம்போசர் எதையும் ஏற்கவில்லை, எல்லாம் ஜிபியுவுக்குப் போகிறது. சூடும் மின்கல இழப்பும் அங்கிருந்துதான்.

## கிழிசல், அரைகுறையாக வரைந்த படம், பழைய படம் பளிச்சிடுதல்

கிடைக்கோட்டில் படம் இரண்டாகப் பிளந்தால் விசிங்க் (திரையின் புதுப்பிப்போடு ஒத்திசைவு) இல்லை. மோட்டெஸ்ட்டின் "வி" தெரிவு சீராக 60 ஹெர்ட்ஸ் காட்டினால் டிரைவர் சரி, மேலுள்ள நிரல்தான் காத்திருக்கவில்லை. எஃப்பிடெவ்வில் இரண்டு பஃபர் வைக்க மெய்நிகர் உயரம் திரை உயரத்தைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். கேஎம்எஸ்ஸின் எஃப்பிடெவ் முகப்பு இயல்பாக ஒரு மடங்கு மட்டுமே ஒதுக்கும், "டிஆர்எம்_கேஎம்எஸ்_ஹெல்பர்.டிஆர்எம்_எஃப்பிடெவ்_ஓவர்அலாக்=200" கொடுத்தால் இரட்டிக்கும். எஃப்பிடெவ் மட்டுமே தெரிந்த பழைய மாலி பைனரி டிரைவர்களுக்கு இது கட்டாயம். அவற்றில் சில பௌதிக முகவரியையும் கேட்கும், அதற்குத் தனிக் கர்னல் தெரிவு உண்டு. பாதுகாப்பைத் தளர்த்தும் தெரிவு அது. வேறு வழியிருந்தால் தொடாதீர்கள்.

கிழிசல் இல்லை, ஆனால் வரைந்து முடியாத படம் தெரிகிறது என்றால் ஃபென்ஸ் தொலைந்திருக்கிறது. ஆன்ட்ராய்டு ஒவ்வொரு அடுக்கோடும் ஒரு ஃபென்ஸ் அனுப்பும். ஜிபியு முடித்ததும் அது சைகை தரும். கேஎம்எஸ்ஸில் அதைப் பிளேனின் "இன்_ஃபென்ஸ்_எஃப்டி" பண்பில் கொடுக்க வேண்டும்; 2017-இல் வந்த 4.10 கர்னல் முதல் இது உண்டு. டெஸ்க்டாப் உலகமோ டிஎம்ஏ-பஃப்புக்குள் (டிரைவர்கள் பகிரும் பஃபருக்குள்) ஃபென்ஸை மறைமுகமாக வைத்துப் பழகியது. இரண்டையும் கலக்கும் இடத்தில், லிப்ஹைப்ரிஸ் (சாதாரண லினக்ஸில் ஆன்ட்ராய்டு டிரைவர்களை ஓட்டும் நூலகம்) வழி ஆன்ட்ராய்டு டிரைவரைப் பயன்படுத்தும் கணினிகளில் குறிப்பாக, ஃபென்ஸை வாங்கிய கை அடுத்த கைக்குக் கொடுக்காமல் மூடிவிடும். சோதிக்க, கமிட்டுக்கு முன் அந்த ஃபென்ஸில் நேரடியாகக் காத்திருந்து பாருங்கள். மெதுவாகும், ஆனால் படம் முழுமையானால் குறை எங்கே என்று தெரிந்துவிடும்.

## நடுநடுவே பளிச்சென்று ஒற்றை நிறம்

டிஸ்ப்ளே கேட்ட நேரத்தில் நினைவகத்திலிருந்து பிக்சல் வந்து சேரவில்லை. குவால்காம் சிப்களில் இது நீலப் பளிச்சாகத் தெரிவது வழக்கம். 1080 × 2400 திரையில் ஒரே ஒரு முழுப் பிளேனுக்கே 60 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 622 மெகாபைட் வேண்டும். 120 ஹெர்ட்ஸில் இரு மடங்கு. மூன்று பிளேன் அடுக்கினால் மும்மடங்கு. பிளேன்களை ஒன்றாகக் குறைத்ததும் பளிச்சிடல் நின்றால், நினைவகத்தின் பட்டையகலப் (பேண்ட்விட்த்) பற்றாக்குறைதான். டிவைஸ் ட்ரீயில் டிஸ்ப்ளேயின் இன்டர்கனெக்ட் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

## படம் வருகிறது, எல்லாம் ஆமை வேகம்

ரெண்டரர் பெயர் எல்எல்விஎம்பைப் என்றால் சிபியு வரைகிறது. மொபைல் சிப்களில் ஜிபியுவும் டிஸ்ப்ளேயும் வேறு வேறு டிரைவர்கள். லிமா, பான்ஃப்ரோஸ்ட், எட்னாவிவ் எல்லாம் வரைய மட்டுமே தெரிந்தவை; அவற்றின் கார்டில் கனெக்டர் கிடையாது. திறமூல ஜிபியு நூலகமான மெசாவின் கேஎம்எஸ்ஆர்ஓ இரண்டையும் சேர்த்து வைக்கும், ஆனால் உங்கள் டிஸ்ப்ளே டிரைவர் பெயர் அதன் பட்டியலில் இருக்க வேண்டும். புது டிரைவர் என்றால் மெசாவைப் புதுப்பியுங்கள். எக்ஸ்ஓஆர்ஜி "திரை ஏதும் இல்லை" என்று நின்றால் அது தவறான கார்டைத் திறந்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் கேஎம்எஸ்டெவ் தெரிவில் சரியான கார்டைக் காட்டுங்கள். கார்டு எண் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடும், ஆகவே /டெவ்/டிஆர்ஐ/பை-பாத் பெயரே பாதுகாப்பு.

## அணைத்து எழுப்பினால் தொடுதிரை செத்துவிடுகிறது, வெளிச்சம் மாறவில்லை

நிறுவன டச் டிரைவர்கள் பல, திரை அணைவதை எஃப்பி நோட்டிஃபையர் வழியே கேட்டு உறங்கும், எழும். கேஎம்எஸ்ஸுக்கு மாறியதும் அந்த அறிவிப்பு வராது. டச்சும் பேனலும் ஒரே சிப்பில் இருந்தால் நிலை இன்னும் மோசம்: பேனல் ரீசெட் ஆகும்போது டச்சும் அழிந்துவிடும், அதை மறுபடி தொடங்க யாரும் சொல்வதில்லை. மெயின்லைனில் இதற்குப் பேனல் ஃபாலோயர் என்ற முறை இருக்கிறது. டச் டிரைவரை அதில் பதியுங்கள்.

வெளிச்சம் வேறு கதை. நிறுவனக் கர்னல்கள் அதை /சிஸ்/கிளாஸ்/லெட்ஸ் கீழ் வைக்கும், பொதுவான நிரல்கள் /சிஸ்/கிளாஸ்/பேக்லைட் கீழ் தேடும். வெளிச்ச நழுவியை இழுக்கும்போது வெளிச்சம் ஏறி, விழுந்து, மறுபடி ஏறினால் பதினறும 51 கட்டளையின் இரண்டு பைட்டும் இடம் மாறிப் போகின்றன. பேனல் டிரைவரில் வெளிச்சம் அமைக்கும் சாதாரண அழைப்பு கீழ்பைட்டை முதலில் அனுப்பும், "லார்ஜ்" என்று முடியும் அழைப்பு மேல்பைட்டை. மற்றதற்கு மாற்றுங்கள்.

## கர்னலைப் புதுப்பித்ததும் எல்லாம் உடைகிறது

தனிக் கட்டமைப்பின் கடைசி அறிகுறி இது, இதற்கு ஒட்டுப்போட்டுத் தீர்வு இல்லை. இவை சோம்பலால் பிறந்தவை என்று நினைக்க வேண்டாம். 2013-இல் கூகுள் ஏடிஎஃப் என்ற அட்டாமிக் டிஸ்ப்ளே கட்டமைப்பை முன்வைத்தபோது, ஆன்ட்ராய்டு கேட்ட இரண்டும் (ஒரே வீச்சில் எல்லாப் பிளேனையும் மாற்றுவது, வெளிப்படையான ஃபென்ஸ்) கேஎம்எஸ்ஸில் இல்லை. அட்டாமிக் அழைப்பு 2015-இல் 4.2 கர்னலில் இயல்பாகத் திறந்தது, ஃபென்ஸ் 4.10-இல் வந்தது, ஏடிஎஃப்புக்கான தேவை அத்துடன் முடிந்தது. மெயின்லைனில் அது சேரவே இல்லை. எஃப்பிடெவ்வும் 2015 முதல் புது டிரைவர்களை ஏற்பதில்லை. ஏஎம்டி தன் டிஸ்ப்ளே நிரலைத் தனி இடைப்படலத்தோடு கொடுத்தபோது 2016 டிசம்பரில் டிஆர்எம் பராமரிப்பாளர் மறுத்தார். பொதுக் கட்டமைப்போடு இணங்க மாற்றிய பிறகு, 2018 ஜனவரியில் வெளியான 4.15-இல் அது சேர்ந்தது. அந்த மறுப்பு சரியானது என்பதே நம் கருத்து. இடைப்படலத்தை ஏற்றிருந்தால் பொதுக் கட்டமைப்பில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த நிறுவனத்தின் ஆட்கள் மட்டுமே அதற்குள் கொண்டுவர முடிந்திருக்கும்.

எப்போது மாறுவது? பேனலின் தொடக்கக் கட்டளைகள் கையில் இருந்து, சிப்பின் டிஸ்ப்ளே பகுதிக்கு மெயின்லைன் டிரைவரும் இருந்தால் உடனே மாறுங்கள். சிப்புக்கே டிரைவர் இல்லை என்றால் நிறுவனக் கர்னலிலேயே இருந்து, லிப்ஹைப்ரிஸ் வழி ஹார்ட்வேர் கம்போசரைப் பயன்படுத்துங்கள். அங்கே திரை வராவிட்டால் முதலில் ஆன்ட்ராய்டு கன்டெய்னரில் கம்போசர் சேவை ஓடுகிறதா என்று ஆன்ட்ராய்டின் பதிவுக் கருவியான லாக்கேட்டில் பார்த்து, பிறகு டெஸ்ட்_ஹெச்டபிள்யூகம்போசர் நிரலைத் தனியாக ஓட்டுங்கள். இரண்டு கர்னல்களின் பகுதிகளைக் கலந்து ஒட்டுவது மட்டும் வேண்டாம்.

மாறும் வரிசை இப்படி இருக்கட்டும்: பழைய கர்னல் ஓடும்போதே டிடிபி, கிளாக் பட்டியல், ரெகுலேட்டர் வோல்ட்டேஜ் எல்லாவற்றையும் எடுத்துச் சேமியுங்கள். சிம்பிள்எஃப்பியில் திரையை நிலையாக நிறுத்துங்கள். பிறகு பேனல் டிரைவர், மோட்டெஸ்ட் வண்ணப் பட்டை. பேனலை இருபது முறையாவது அணைத்து எழுப்பிப் பாருங்கள். பூட்லோடர் எழுப்பிவிட்ட பேனல் முதல் முறை ஓடியது உங்கள் தொடக்கக் கட்டளைகள் சரி என்பதற்குச் சான்றாகாது. கம்போசிட்டர், ஜிபியு, டச் எல்லாம் அதற்குப் பிறகு.